திட்டம் யார் கையில்? ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சமூகங்களும் குடும்ப வன்முறைத் தடுப்பும்



2007ஆம் ஆண்டின் நடுவில், ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், ஒரே துயரத்துக்கு இரண்டு பதில்கள் பிறந்தன. ஒன்று தலைநகரிலிருந்து ஆணையாக இறங்கியது. மற்றொன்று ஓர் ஆற்றங்கரை ஊரின் பெண்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு. இன்றைய பேச்சு இந்த இரண்டையும் அருகருகே வைத்துத் தொடங்குகிறது. பூர்வகுடிச் சமூகங்களில் குடும்ப வன்முறையைத் தடுக்க எப்படித் திட்டமிடுவது என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி, இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இருக்கிறது.

அந்த ஆண்டு ஜூன் மாதம், நார்தர்ன் டெரிட்டரி எனப்படும் வட ஆட்புலத்தின் அரசு ஓர் அறிக்கையை வெளியிட்டது. வழக்கறிஞர் ரெக்ஸ் வைல்டும் பூர்வகுடித் தலைவர் பாட் ஆண்டர்சனும் எழுதிய அறிக்கை அது. குழந்தைகள் பாலியல் கொடுமையிலிருந்து காக்கப்பட வேண்டும் என்பது அதன் பொருள். மொத்தம் 97 பரிந்துரைகள். எதைச் செய்தாலும் பூர்வகுடி மக்களோடு மெய்யாகவே கலந்து பேசி வகுக்க வேண்டும் என்று முதல் பரிந்துரையே வற்புறுத்தியது. ஜூன் 21 அன்று பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு 'அவசர நடவடிக்கை'யை அறிவித்தது. ராணுவத்தினரின் துணையோடு அதிகாரிகள் ஊர்களுக்குள் நுழைந்தார்கள். 73 ஊர்கள் குறிக்கப்பட்டன. உதவித்தொகையில் பாதியை அரசே பிடித்துவைத்து, உணவு போன்ற செலவுகளுக்கு மட்டும் விடுவித்தது. ஊர் நிலங்கள் ஐந்தாண்டுக் கட்டாயக் குத்தகைக்குள் கொண்டுவரப்பட்டன. மதுவும் ஆபாசப் படங்களும் தடை என்று ஊர் எல்லைகளில் பெரிய நீலப் பலகைகள் நடப்பட்டன. உள்ளே வாழும் ஒவ்வோர் ஆணையும் குற்றவாளி என்று வாசலில் எழுதிவைத்த அவமானமாகவே அங்குள்ள பலர் அதை உணர்ந்தார்கள். இத்தனையும் செல்லுபடியாவதற்காக, 1975ஆம் ஆண்டின் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டமே அங்கே நிறுத்திவைக்கப்பட்டது. அறிக்கையை எழுதியவர்களே இந்த நடவடிக்கையை வெளிப்படையாகக் கண்டித்தார்கள்.

இனி இரண்டாவது பதில். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்ற சிற்றூர். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தாலும் மக்கள்தொகை சில ஆயிரந்தான். மதுவும் வன்முறையும் தற்கொலைகளும் அங்கே வீட்டுக்கு வீடு சாவை விதைத்திருந்தன. சாவுச் சடங்கு முடியுமுன் அடுத்த சாவு. அந்த நிலையில், 2007 ஜூலையில், ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கின் பெண்கள் தங்கள் ஆண்டுக் கூட்டத்தில் ஒன்றுகூடினார்கள். எமிலி கார்ட்டரும் புனுபா இனத்தைச் சேர்ந்த ஜூன் ஆஸ்கரும் மார்னின்வார்ன்டிகுரா பெண்கள் மையத்தின் வழியாக அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தினார்கள். கடையில் வாங்கி எடுத்துச் செல்லும் மதுவில் 2.7 விழுக்காட்டுக்கு மேல் சாராயம் இருக்கக் கூடாது என்று மாநிலத்தின் மது உரிம இயக்குநரிடம் கேட்பதென முடிவாயிற்று. ஊருக்குள்ளேயே கடும் எதிர்ப்பு இருந்தது. இருந்தும் அக்டோபரில் கட்டுப்பாடு ஆறு மாதச் சோதனையாக வந்தது. மறு ஆண்டு காலவரையின்றி நீட்டிக்கப்பட்டது.

மதுக்கட்டுப்பாடு இரண்டு பதில்களிலும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். ஆனால் ஃபிட்ஸ்ராய் கிராசிங்கில் அதைக் கேட்டவர்கள் அதே ஊரில், அதே தெருவில், அடுத்த நாளும் எதிர்த்தவர்களின் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள். அதனால் கட்டுப்பாட்டோடு அவர்கள் நிற்கவில்லை. தாய் கருவுற்ற காலத்தில் அருந்திய மது குழந்தையை எப்படிப் பாதித்தது என்ற, வாய்விட்டுச் சொல்லவே கூசும் கேள்வியையும் அவர்களே எழுப்பினார்கள். ஆய்வாளர்களை அழைத்து, நிபந்தனைகளைத் தாங்களே வகுத்து, 2002, 2003ஆம் ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளைப் பரிசோதிக்கச் செய்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தைக்குப் பாதிப்பு இருந்தது. வெளியாள் ஒருவர் வந்து இதைச் சொல்லியிருந்தால் அந்த ஊர் கதவைச் சாத்தியிருக்கும். தாய்மார்களே கேட்டு வாங்கிய உண்மை என்பதால் குழந்தைகளுக்கான மையம், பெற்றோருக்கான உதவி என்று அடுத்தடுத்த வேலைகள் அதிலிருந்து தொடங்கின. ஜூன் ஆஸ்கர் 2017இல் பூர்வகுடி, டோரஸ் நீரிணைத் தீவு மக்களுக்கான சமூக நீதி ஆணையராகப் பொறுப்பேற்றார்.

இந்த விவாதம் எவ்வளவு அவசரமானது என்பதற்குச் சில எண்கள். பூர்வகுடிகளும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களும் ஆஸ்திரேலிய மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. குடும்ப வன்முறையால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்போ, பூர்வகுடிப் பெண்ணுக்கு மற்றப் பெண்களைப் போல 32 மடங்கு, பூர்வகுடி ஆணுக்கு மற்ற ஆண்களைப் போல 23 மடங்கு என்று அரசின் சுகாதார, நல நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இந்த எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பூர்வகுடிப் பெண்ணை அடிப்பவன் பூர்வகுடி ஆணாகத்தான் இருப்பான் என்று கொள்ள முடியாது. வேற்றினக் கணவர்களும் துணைவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

இந்த நிலை எப்படி வந்தது? நிலம் பறிபோனது, மக்கள் மிஷன்களுக்கும் ஒதுக்கிடங்களுக்கும் விரட்டப்பட்டார்கள், உழைத்த கூலியைப் பல மாநிலங்களில் அரசே பிடித்துவைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைகள் பறிக்கப்பட்டார்கள். 1910 முதல் 1970 வரையிலான காலத்தில், பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையிலான பூர்வகுடிக் குழந்தைகள் குடும்பங்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதாக 1997இல் வெளிவந்த விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. தாய்மடியில் வளராமல் விடுதியில் அடிபட்டு வளர்ந்த பிள்ளை, பெற்றோராக இருப்பது எப்படி என்பதை யாரைப் பார்த்துக் கற்றிருக்கும்? அந்தக் காயம் தலைமுறை தலைமுறையாக எப்படிக் கைமாறுகிறது என்பதைப் பூர்வகுடி அறிஞர் ஜூடி அட்கின்சன் 2002இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். பிரதமர் கெவின் ரட் 2008 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் குழந்தைகளைப் பிரிப்பது பழங்கதையாகிவிடவில்லை. நாட்டின் குழந்தைகளில் பூர்வகுடிக் குழந்தைகள் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு. அரசின் பராமரிப்பில் வைக்கப்பட்டுள்ள குழந்தைகளிலோ அவர்கள் நாற்பதுக்கும் மேல்.

ஒரு பெண் போலீசுக்குத் தொலைபேசியில் அழைக்கும் அந்தக் கணத்தில் இந்த வரலாறு முழுவதும் அவளோடு நிற்கிறது. அடிப்பவனிடமிருந்து தப்பிக்க உதவி கேட்டால், வீட்டில் வன்முறை இருக்கிறது என்று எழுதிக்கொண்டு பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று அவள் அஞ்சுகிறாள். மார்சியா லாங்டன் தலைமையில் மில்டூரா, ஆல்பரி-வொடாங்கா ஊர்களில் நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. பெண்கள் உதவி தேடத் தயங்குவதற்கான காரணங்களில் இந்த அச்சம் முன்னால் நின்றது.

அச்சம் வெறும் மனப்பிரமை அன்று. 2014 ஆகஸ்டில் மேற்கு ஆஸ்திரேலியாவின் சவுத் ஹெட்லண்டில் 22 வயதுப் பூர்வகுடிப் பெண் ஒருவர் போலீஸ் காவலில் இறந்தார். குடும்பத்தாரின் விருப்பப்படி அவரை மிஸ் டூ என்றே குறிப்பிடுகிறார்கள். குடும்ப வன்முறை தொடர்பான புகாருக்காகத்தான் போலீஸ் அந்த வீட்டுக்கு வந்தது. வந்த இடத்தில் அவர் கட்டாமல் விட்ட அபராதப் பணத்துக்காக அவரையே கைது செய்தது. துணைவனின் தாக்குதலில் முன்பே முறிந்திருந்த விலா எலும்பில் தொற்று ஏற்பட்டிருந்தது. வலிக்கிறது என்று அவர் கதறியதைப் போலீசாரும் மருத்துவமனை ஊழியரும் நடிப்பென்று எண்ணினார்கள். அந்தத் தொற்றே அவர் உயிரைக் குடித்தது. அபராதம் கட்டாதவரைச் சிறையில் தள்ளும் வழக்கத்துக்கு மாநிலம் முற்றுப்புள்ளி வைக்க 2020 வரை ஆயிற்று. குயின்ஸ்லாந்தில் குடும்ப வன்முறைச் சாவுகளை ஆராயும் குழு 2017இல் இன்னொரு கொடுமையைப் பதிவு செய்தது. கொல்லப்பட்ட பெண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களை, அதற்குமுன் ஒருமுறையாவது, அடித்தவர் என்றே சட்டம் அடையாளங்கண்டிருந்தது. பூர்வகுடியினரைப் பொறுத்தவரை ஏறக்குறைய எல்லாச் சாவுகளிலும் அதுவே நடந்திருந்தது.

ஆகவே ஒரு நகரத்தில் வெற்றி பெற்ற திட்டத்தை எடுத்து, அதன் அட்டையில் பூர்வகுடிப் புள்ளி ஓவியம் ஒன்றை வரைந்து, பாலைவனத்து ஊருக்கு அனுப்பினால் அது வேலை செய்யாது. திட்டத்தின் உள்ளமைப்பிலேயே எதை மாற்ற வேண்டும் என்பதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து நான்கு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, குடும்பம் என்பதன் எல்லை. பொதுவான திட்டங்கள் கணவன், மனைவி என்ற இருவரையும் ஒரு வீட்டையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. பூர்வகுடிக் குடும்பம் அப்படிப்பட்டதன்று. இதைத் தமிழருக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. மாமன் மகளையும் அத்தை மகளையும் முறைப்பெண்ணாகவும், பெரியப்பா மகளையும் சின்னம்மா மகளையும் உடன்பிறந்தவளாகவும் கொள்ளும் நம் உறவு முறைக்கு மிக நெருங்கிய அமைப்பு ஒன்றை, மேற்கு ஆஸ்திரேலியாவின் கரியேரா மக்களிடம் மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் கண்டு 1913இல் எழுதினார். திராவிட முறையையும் கரியேரா முறையையும் ஒப்பிடுவது பின்னர் மானிடவியலில் வழக்கமான பாடமாகிவிட்டது. தாய்மாமன் வந்து நின்றால் ஒரு வீட்டுச் சண்டையின் போக்கே மாறும் என்பதை அறிந்த சமூகத்துக்கு, ஓர் ஊரின் உறவுக் கணக்கு தெரியாத ஆலோசகர் அங்கே எவ்வளவு குறைவாகச் செய்ய முடியும் என்பதும் தெரியும்.

விக்டோரியா மாநிலத்தின் பூர்வகுடிக் குடும்ப வன்முறைப் பணிக்குழு 2003இல் தந்த இறுதி அறிக்கை இந்த விரிந்த எல்லையைத் தன் வரையறையிலேயே ஏற்றது. கணவன் மனைவிக்கு இடையிலானது மட்டுமின்றி, விரிந்த குடும்பத்திலும் உறவு வலையிலும் ஊரிலும் நடக்கும் கொடுமையையும் அது சேர்த்துக்கொண்டது. உடலைக் காயப்படுத்துவதோடு, மனத்தையும் ஆன்மாவையும் பண்பாட்டையும் பொருளாதாரத்தையும் சிதைப்பதும் வன்முறை என்றது. பேரனின் மிரட்டலுக்குப் பயந்து ஓய்வூதியத்தைக் கொடுத்துவிடும் பாட்டியும் அந்த வரையறைக்குள் வருகிறாள்.

வரையறை விரிந்தால் நடைமுறையும் மாற வேண்டும். பல பூர்வகுடிச் சமூகங்களில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவோ பேசவோ கூடாது. ஒரே அறையில் உட்காரவும் முடியாது. ஆண்களிடம் ஆண்களும் பெண்களிடம் பெண்களும் மட்டுமே பேசத்தக்க பொருள்கள் உண்டு. சாவு விழுந்தால் ஊரே நாள்கணக்கில் நின்றுவிடும். பன்னிரண்டு வாரம் தவறாமல் வந்தால்தான் சான்றிதழ் என்ற திட்டம், துக்கத்துக்குப் போன மனிதனைத் தோல்வியடைந்தவன் என்று குறித்துவைக்கும். அந்தக் குறிப்பு நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராகப் பேசும். கால அட்டவணையை யார் எழுதுகிறார் என்பது இங்கே அலுவலகச் சில்லறை விவகாரமாக இருக்க முடியாது.

இந்த உறவுக் கணக்கையே கருவியாக்கியவர்கள் யுவென்டுமு ஊரின் வார்ல்பிரிப் பெண்கள். மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் உள்ள அந்த ஊரில் 1991இல் மூத்த பெண்கள் இரவு ரோந்து தொடங்கினார்கள். கைது செய்யும் அதிகாரம் கிடையாது, சீருடை கிடையாது. குடித்துவிட்டுக் கத்துபவன் யாருடைய மகன், யாருக்கு மருமகன், எந்தப் பாட்டி சொன்னால் தலைகுனிவான் என்று மட்டும் தெரியும். அந்த அறிவு எந்தக் காவல் பயிற்சிப் பள்ளியிலும் கிடைப்பதில்லை. அதற்கு முன்பே டென்னன்ட் கிரீக்கில் ஜூலாலிகாரி மன்றம் இத்தகைய ரோந்தைத் தொடங்கியிருந்தது. பின்னர் அந்த முறை பல பகுதிகளுக்குப் பரவியது.

இரண்டாவது செய்தி, தரவும் பணமும் ஊர்க்காரர் கைக்கு வருவது. நியூ சவுத் வேல்சின் வடமேற்கில், சிட்னியிலிருந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தொலைவில் டார்லிங் ஆற்றங்கரையில் பர்க் என்ற ஊர். அரசு அலுவலகங்களுக்கும் சேவை நிறுவனங்களுக்கும் அங்கே குறைவில்லை. ஆனால் குற்றம் மட்டும் குறையவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட குழுக்களின் வழிவந்த பூர்வகுடியினர் சேர்ந்த பர்க் பழங்குடி மன்றம், அலிஸ்டர் ஃபெர்கசன் முன்னின்ற மராங்குகா அமைப்பு வழியாக 2013இல் ஒரு மாற்றத்தைத் தொடங்கியது. சிறைக்குச் செலவழிக்கும் பணத்தைக் குற்றம் நிகழாமல் தடுப்பதற்குத் திருப்ப வேண்டும் என்பது அதன் அடிப்படை. போலீஸ், பள்ளி, மருத்துவம், நீதிமன்றம் ஆகியவற்றின் புள்ளிவிவரங்களை வாங்கி, ஊர்க்காரர்கள் முன் விரித்து, எங்கே தவறு நடக்கிறது என்று அவர்களையே சொல்ல வைத்தார்கள். ஒவ்வொரு நாள் காலையும் போலீசும் சேவை அமைப்புகளும் ஊர்ப் பிரதிநிதிகளும் கூடுவது வழக்கமாயிற்று. முந்தைய இரவு எந்த வீட்டில் என்ன நடந்தது, இன்று அங்கே யார் போக வேண்டும் என்று பேசிக் கலைந்தார்கள்.

மராங்குகாவின் வேலைப் பட்டியலில் ஓட்டுநர் உரிமம் பெற உதவுவதும் இருந்தது. குடும்ப வன்முறைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டிச் சிறைக்குப் போனவர்கள் பர்க்கில் ஏராளம். சிறை சென்றவனுக்கு வேலை இல்லை. வேலையில்லாத வீட்டில் எரிச்சலும் கடனும் பெருகும். இந்தச் சங்கிலியை உள்ளூர்க்காரர்தான் பார்க்க முடிந்தது. கேபிஎம்ஜி நிறுவனம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, போலீஸ் பதிவில் குடும்ப வன்முறை 23 விழுக்காடு குறைந்திருந்தது. மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்வது 31 விழுக்காடு கூடியிருந்தது. 2017ஆம் ஆண்டில் மட்டும் கிடைத்த பயன் 31 லட்சம் டாலர். நடத்தும் செலவைப் போல ஐந்து மடங்கு.

மூன்றாவது செய்தி ஆண்களைப் பற்றியது. அடிக்கும் ஆணை என்ன செய்வது? 1980களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் உருவான முறை உலகெங்கும் பரவியிருக்கிறது. ஆண் தன் அதிகாரத்தை நிலைநாட்டவே அடிக்கிறான் என்று அது சொல்கிறது. அது பொய்யன்று. ஆனால் தாத்தாவும் தகப்பனும் அதிகாரத்தின் கீழ் நசுங்கிய ஒரு பூர்வகுடி ஆணிடம் அதை மட்டுமே சொன்னால், அவன் காது மூடிக்கொள்ளும். அவன் பட்ட காயத்தை மட்டுமே பேசினாலோ, அவன் அடித்த பெண்ணின் காயம் மறந்துபோகும். இரண்டையும் ஒரே அறையில் பேச வேண்டும்.

அதைச் செய்பவர்களில் ஒருவர் ஆலன் தோர்ப். மெல்பேர்னில் அவர் தொடங்கிய டார்டி முன்வுரோ அமைப்பு, வன்முறையில் ஈடுபட்ட பூர்வகுடி ஆண்களுக்கான தங்கிப் பயிலும் திட்டத்தை நடத்துகிறது. வாரக்கணக்கில் அங்கே தங்குபவர்கள் மூத்தோர் முன் உட்கார்ந்து, தங்களுக்கு நடந்ததையும் தாங்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். சடங்கும் நிலமும் முன்னோர் வரலாறும் அங்கே பாடத்தின் பகுதி. வழிநடத்துபவர்களில் தாங்களே அந்தப் பாதையில் நடந்து திருந்தியவர்களும் உண்டு. இந்தத் திட்டங்களில் போடும் ஒவ்வொரு டாலருக்கும் ஒன்றரை முதல் ஏறக்குறைய மூன்று டாலர் வரை பயன் திரும்புகிறது என்று டெலாய்ட் நிறுவனம் 2021இல் கணக்கிட்டது.

ஆலிஸ் ஸ்பிரிங்சில் உள்ள தங்கன்ட்யெரே மன்றத்தின் ஆண்கள் திட்டம் இன்னொரு நிபந்தனையைச் சேர்க்கிறது. அங்கே ஆண் வகுப்புக்கு வரும் காலமெல்லாம், அவனுடைய துணைவியோடு ஒரு பெண் பணியாளர் தொடர்பில் இருக்கிறார். அவன் மாறிவிட்டானா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவள் அவள். வகுப்பில் அவன் எவ்வளவு அழகாகப் பேசினாலும், வீட்டில் அவள் அச்சமின்றித் தூங்க முடியாதவரை அது வெற்றியாகாது. பண்பாட்டு அடித்தளம் என்று எதைச் சொன்னாலும், பெண்ணும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்ற அளவுகோல் முதலிடத்திலிருந்து இறங்கக் கூடாது.

இங்கே ஒரு கடினமான விஷயத்தைப் பேசியாக வேண்டும். பண்பாட்டைக் கேடயமாக்கிக்கொண்ட ஆண்கள் இருந்திருக்கிறார்கள். எங்கள் வழக்கம் இது என்று நீதிமன்றத்தில் வாதாடித் தண்டனையைக் குறைக்க முயன்ற வழக்குகள் உண்டு. ஊரில் அதிகாரம் பெற்றவரே தாக்கியவராகவும் இருந்த ஊர்கள் உண்டு. இதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் பூர்வகுடிப் பெண்களே. குயின்ஸ்லாந்தில் போனி ராபர்ட்சன் தலைமையில் இயங்கிய பூர்வகுடி, டோரஸ் நீரிணைத் தீவுப் பெண்களின் வன்முறைப் பணிக்குழு, நூற்றாண்டு முடியும் தறுவாயில் தந்த அறிக்கை இந்த மௌனத்தை உடைத்தது. அடிப்பது எங்கள் பண்பாடு இல்லை என்று அந்தப் பெண்கள் சொன்னபோது, பண்பாட்டை வரையறுக்கும் உரிமை ஆண்களுக்கு மட்டும் உரியதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

ஆகவே 'ஊர் முடிவு செய்யட்டும்' என்பதோடு நின்றுவிட முடியாது. ஊரில் முடிவெடுப்பது யார், அந்த இடத்தில் பெண்கள் இருக்கிறார்களா, பாதிக்கப்பட்டவள் ஊரை மீறியும் உதவி பெற முடியுமா என்றெல்லாம் கேட்டாக வேண்டும். விக்டோரியாவில் 2002இல் தொடங்கிய பூர்வகுடிக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்ட சேவை, இப்போது ஜிர்ரா என்ற பெயரில் இயங்குகிறது. குக்கு யலாஞ்சி இனத்தவரான ஆன்டுவனெட் பிரேபுரூக் நீண்ட காலம் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்துவருகிறார். பூர்வகுடிப் பெண்களுக்கென்றே தனியாக நிற்கும் சட்ட உதவி அது. மறுபக்கத்துக்கு வாதாடும் அதே அலுவலகத்துக்குள் அடிபட்டவள் போக வேண்டியதில்லை. பெண்கள் ஒருநாள் கூடித் தலைவாரி, ஒப்பனை செய்து, சாப்பிட்டு, சிரித்துப் பேசி, நடுவில் சட்ட உரிமைகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிகழ்ச்சிகளை ஜிர்ரா ஊர் ஊராக நடத்துகிறது. வழக்கறிஞர் அலுவலகத்தின் கதவைத் தட்டத் தயங்கும் பெண், தங்கை கூட வந்தால் அங்கே வருவாள்.

நான்காவது செய்தி, மொழியும் குணப்படுத்தும் மரபும். மத்திய பாலைவனத்தில் இரண்டு மாநிலங்களின் எல்லைகளும் வட ஆட்புலத்தின் எல்லையும் சந்திக்கும் இடத்தில் மூன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பணி செய்கிறது என்.பி.ஒய். பெண்கள் மன்றம். நில உரிமைப் போராட்டத்தில் பெண்களின் குரல் கேட்கப்படவில்லை என்பதால் 1980இல் அவர்களே உருவாக்கிக்கொண்ட மன்றம் அது. அங்கே அடிபட்ட பெண்ணுக்குப் பக்கத்து ஊர் என்பதே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஊரை விட்டு ஓடுவது என்றால் மொழி, உறவு, நிலம் எல்லாவற்றையும் விட்டு ஓடுவது. 1994இல் மன்றம் தனிக் குடும்ப வன்முறைச் சேவையைத் தொடங்கியது.

2012இல் அதே மன்றம் 'உட்டி குலின்ஜகு' என்ற முயற்சியைத் தொடங்கியது. ங்கங்காரி எனப்படும் மரபு வைத்தியர்களும் மூத்த பெண்களும் ஒரு பக்கம். மனநல மருத்துவர்கள் மறுபக்கம். அதிர்ச்சி மூளையில் என்ன செய்கிறது என்று மருத்துவர்கள் விளக்க, ஆவி கலங்கிய மனிதனை எப்படி நிலைக்குக் கொண்டுவருவது என்று வைத்தியர்கள் விளக்கினார்கள். கோபம், அச்சம், வெட்கம் போன்ற உணர்வுகளுக்குப் பிட்ஜான்ட்ஜாட்ஜாரா மொழிச் சொற்களைத் தொகுத்து, படங்களோடு பள்ளிகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் கொடுத்தார்கள். பின்னர் ஆண்களும் தனிக் குழு அமைத்து, தாத்தா துணைநிற்கத் திருந்தி எழும் இளைஞன் ஒருவனைப் பற்றிய படநூலை உருவாக்கினார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரிந்த பையன், கை ஓங்குமுன் வாய் திறக்க வாய்ப்பிருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த ங்கங்காரிகளின் பணிக்கு 2011இல் உலக உளச்சிகிச்சைக் கழகம் சிக்மண்ட் ஃபிராய்டு விருதை வழங்கியிருந்தது.

அரசு என்ன செய்ய வேண்டும்? விக்டோரியாவில் ஒரு மாதிரி இருக்கிறது. குடும்ப வன்முறை பற்றிய அரச ஆணையம் 2016இல் 227 பரிந்துரைகளைத் தந்தது. 2018இல் பூர்வகுடித் தலைவர்களும் சேவை அமைப்புகளும் மாநில அரசும் 'டெல்க் ஜா' என்ற பத்தாண்டு உடன்பாட்டை ஏற்றார்கள். பூர்வகுடிப் பண்பாடும் தலைமையுமே அதன் முதல் முன்னுரிமை. மாநிலம் முழுவதும் 11 வட்டாரச் செயற்குழுக்கள் தங்கள் பகுதிக்கு எது தேவை என்று முடிவு செய்கின்றன. பத்தாண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுக்கோ மட்டும் வரும் நிதியில் ஊழியர் ஒருவர் ஊரின் நம்பிக்கையைப் பெறுவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. அடுத்த ஊழியர் வரும்போது ஊர் மீண்டும் முதலிலிருந்து தன் காயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாடு தழுவிய இலக்கும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் 'இடைவெளி குறைத்தல்' தேசிய உடன்பாடு, பூர்வகுடிப் பெண்கள், குழந்தைகள் மீதான குடும்ப வன்முறையை 2031க்குள் பாதியாகவாவது குறைப்பதாக உறுதியளித்தது. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பகிர்வதாகச் சொன்ன அரசுகள் பெரும்பாலும் பழைய பாணியிலேயே தொடர்கின்றன என்று உற்பத்தித்திறன் ஆணையம் 2024 பிப்ரவரியில் கண்டித்தது.

அந்தத் தாமதத்தின் விலையை ஆலிஸ் ஸ்பிரிங்சின் பெண்கள் நேரில் அறிவார்கள். நகரைச் சுற்றியுள்ள பூர்வகுடிக் குடியிருப்புகளில் வாழும் பெண்கள் அமைத்த தங்கன்ட்யெரே குடும்பப் பாதுகாப்புக் குழு, வன்முறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசி வந்தது. அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவரையே 2021இல் அவருடைய துணைவன் கொன்றான். அவர் சாவையும் இன்னும் மூன்று பூர்வகுடிப் பெண்களின் சாவையும் விசாரித்த வட ஆட்புல மரண விசாரணை நீதிபதி எலிசபெத் ஆர்மிட்டேஜ், 2024 நவம்பர் 25 அன்று 35 பரிந்துரைகளோடு தீர்ப்பளித்தார். என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாத நிலையில் அந்தப் பெண்கள் சாகவில்லை. தெரிந்ததைச் செய்ய ஆளும் பணமும் போதவில்லை.

ஆஸ்திரேலியாவில் மருத்துவர்களாக, செவிலியர்களாக, சமூகப் பணியாளர்களாக, அரசு ஊழியர்களாக வேலை செய்யும் தமிழர் பலர். அவர்களில் சிலர் தொலைதூரப் பூர்வகுடி ஊர்களின் மருத்துவ நிலையங்களிலும் பணிபுரிகிறார்கள். அவர்கள் கையெழுத்திடும் படிவங்களும் அனுப்பும் பரிந்துரைகளும் இந்தக் கதையின் பகுதிதான். ஒரு திட்டம் அவர்கள் மேசைக்கு வரும்போது கேட்க வேண்டியவை எளியவை. இதை எழுதியது யார், நிதியைக் கையாளும் அமைப்பு பூர்வகுடியினருடையதா, அதன் நிர்வாகக் குழுவில் பெண்கள் எத்தனை பேர், அடிபட்ட பெண் உதவி கேட்டால் பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள என்ன ஏற்பாடு, ஆண்கள் வகுப்பு நடத்துபவர் அவர்களின் துணைவியரிடம் பேசுகிறாரா, பணம் எத்தனை ஆண்டுக்கு, பலன் இல்லையென்றால் அதைச் சொல்லும் உரிமை யாருக்கு? விடை கிடைக்காத திட்டத்தைத் திருப்பி அனுப்பும் துணிவும் வேண்டும்.

2031க்கு இன்னும் ஒரு சில நிதியாண்டுகளே உள்ளன. ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் பர்க் மன்றத்துக்கும் தங்கன்ட்யெரே பெண்களுக்கும் ஜிர்ராவுக்கும் டார்டி முன்வுரோவுக்கும் எவ்வளவு பணம், எத்தனை ஆண்டுக்கு ஒதுக்கப்படுகிறது என்பதைப் பார்த்தால், அரசு தன் வாக்கை எவ்வளவு மதிக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்தக் கணக்கை ஆண்டுதோறும் கேட்பது வாக்குரிமை உள்ள ஒவ்வோர் ஆஸ்திரேலியரின் கடமை. அங்கே குடியுரிமை பெற்ற தமிழர்களுக்கும் அது பொருந்தும்.